திருகோணமலை டவுனுக்குள் கோழி, ஆடு, மாடு வளர்க்கப் போகிறவர்களுக்கு

மூதூரிலோ தம்பலகாமத்திலோ வளவு நிறையக் கோழியும் வாசலில் நாலு மாடுமாக இருந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கோ வேலைக்கோ திருகோணமலை டவுனுக்கு வந்து பத்துப் பேர்ச் காணியில் குடியேறுகிறார்கள். கொஞ்ச நாளிலேயே கை பரபரக்கத் தொடங்கிவிடும். மிஞ்சின சோற்றைக் கொட்டக் கோழி இல்லை, முட்டையைக் கடையில் வாங்க மனம் வருவதில்லை. சரி, நாலு பேடும் ஒரு சேவலும் வாங்கி விடுவோம் என்று தொடங்கும். பிறகு ஒரு ஆடு வரும். அதற்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர், கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்.

அவர் வருவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். டவுனுக்குள் ஒன்றுமே வளர்க்கக் கூடாது என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், என் காணி என் கோழி யார் கேட்பது என்று மார்தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பிழை. சுகாதார விதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை கவனிப்பது உங்கள் வேலியைத் தாண்டி வெளியே போகிறவற்றைத்தான்: நாற்றம், இலையான், நுளம்பு, கழிவுநீர், சத்தம், சில வேளை மாடே. இவற்றை வேலிக்குள் நிறுத்தத் தெரிந்தவருக்கு டவுனில் பெரிய கரைச்சல் கிடையாது.

முதலில் நீங்கள் எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள்

இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் இதில் பிழைத்தால் நாள் முழுக்க அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டி வரும். டவுன் ஒரு சபை. அதைச் சுற்றியுள்ள பகுதி பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளிப் பக்கம் போனால் குச்சவெளிப் பிரதேச சபை. ஒரே ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இரண்டு சபையாக இருக்கிற இடங்களும் உண்டு. வீட்டுக்கு வரும் ஆதனவரிச் சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் சபை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் அந்தச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். அப்படியே கொட்டில் போட அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன சம்மதம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து முறைப்பட்ட அடுத்த நிமிடம் மறந்துபோகும்.

சபைகளுக்குத் தங்கள் எல்லைக்குள் விலங்கு வளர்ப்பு, பட்டிகள், பாற்பண்ணைகள், கழிவு பற்றி உபவிதிகள் செய்துகொள்ள அதிகாரம் உண்டு. நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். உபவிதிகள் சபைக்குச் சபை வேறுபடும் என்பதால், கொட்டிலுக்கு மரம் வாங்க முன் சபை அலுவலகத்தில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். என் வட்டாரத்தில் மாடு, ஆடு, கோழி வைக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமா? கொட்டில் மதிலில் இருந்தும் வீட்டில் இருந்தும் எவ்வளவு தூரம் விடவேண்டும்? கட்டாக்காலி மாடு பிடிபட்டால் தண்டம் எவ்வளவு? பதிலைச் சொன்ன உத்தியோகத்தரின் பதவியையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

யார் எதைப் பார்க்கிறார்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் பி.எச்.ஐ.யிடமே போகிறார்கள். அவர் வேலை மனிதருடைய ஆரோக்கியம். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில், அதாவது எம்.ஓ.எச். ஒபிசில், இருந்து வேலை செய்கிறவர். நாற்றம், இலையான், கிணற்றுத் தண்ணீர், பால் விற்பனை, டெங்கு எல்லாம் அவர் பக்கம்.

விலங்கின் ஆரோக்கியம் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உரியது. தடுப்பூசி, பண்ணைப் பதிவு, மாட்டின் காதில் போடும் இலக்கத் தகடு, சினைப்படுத்தல், விலங்கை இடம் மாற்றும்போது வேண்டிய சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான். அந்த அலுவலகம் மாகாணத்தின் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. உங்களைத் தண்டிக்கிற வேலை அவர்களுக்குப் பெரிதாக இல்லை என்பதால், என் அனுபவத்தில், மூன்று இடங்களிலும் மிகச் சிநேகமான இடம் இதுதான். முதலில் இங்கே போய்ப் பதிந்துகொள்வது நல்லது. பின்னொரு நாள் பிரச்சினை வந்தால், பதிவு செய்து தடுப்பூசி போட்டு வளர்க்கிறவர் என்ற ஒரு காகிதம் கையில் இருக்கும்.

கட்டடம், வீதி, வடிகான், கட்டாக்காலி, வியாபார உரிமம் எல்லாம் சபை. கல் வைத்துக் கட்டி நிரந்தரக் கூரை போடுகிற கொட்டிலுக்குக் கட்டட அனுமதி எடுக்கவேண்டும். கடலோரக் காணி என்றால் இன்னொரு கவனம்: கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே எதையும் நிரந்தரமாகக் கட்ட முன் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றி மாற்றக்கூடிய பலகைக் கூடும் கம்பி வலையும் போதும் என்றால் அதையே செய்யுங்கள். டவுனுக்கு அதுவே வசதி.

எதை வளர்ப்பது

பத்துப் பேர்ச்சில் பத்துக் கோழி தாராளமாக வளரும். முட்டைக் கோழி ஒன்றுக்குக் கூட்டுக்குள் இரண்டு சதுர அடி இடம் கணக்கு வைத்தால் நெருக்கடி இருக்காது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பதை ஊரில் இருந்து வருகிறவர்கள் பலர் நம்புவதே இல்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. டவுனில் முறைப்பாடு வருகிற ஒழுங்கைப் பார்த்தால் முதலில் நாற்றம், அடுத்தது விடியப்புறம் மூன்றரைக்குக் கூவுகிற சேவல். இரண்டாவதை ஒரு முடிவால் இல்லாமல் செய்துவிடலாம்.

ஆடு டவுனுக்கு ஏற்ற பிராணிதான், கட்டிவைத்துத் தீன் போட முடிந்தால். தரையில் இருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திய பரண், சட்டங்களுக்கு இடையில் புழுக்கை விழுகிற அளவு இடைவெளி, கீழே கூட்டி அள்ள வசதியான தரை. பெட்டை மறிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிடாயின் மணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது; எவ்வளவு கழுவினாலும் போகாது. சினைப்படுத்தலுக்குக் கிடாய் இருக்கிற இடத்துக்கு ஆட்டைக் கொண்டுபோவதே டவுன்காரருக்குச் சரி.

மாடு வைக்க வேண்டுமென்றால் இருபது முப்பது பேர்ச்சாவது காணி இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். விதி அல்ல, கணக்கு. நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். இரண்டு மாடு என்றால் வாரம் ஒன்றுக்கு இருநூறு கிலோ வரை. அதைப் போட இடம் எங்கே என்று முதலில் சொல்லத் தெரிந்தால்தான் மாட்டைப் பற்றிப் பேசலாம்.

பன்றி வேண்டாம். 2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவி எத்தனையோ பண்ணைகளை அழித்தது. ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டை வேகவைக்காமல் போடுவது அந்த நோய் பரவுகிற வழிகளில் ஒன்று, டவுனில் பன்றி வளர்க்கிறவர் போடுவதும் அதையே. அதோடு, இந்த டவுனில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் விகாரையும் ஒரே வீதியில் இருக்கும். சட்டம் என்ன சொன்னாலும் அயலவர் மனம் என்ற ஒன்று உண்டு. மாட்டுக்கும் இது பொருந்தும்: பால் மாடு வளர்க்கிறவரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் வளவுக்குள் மாடு அறுத்தால் சட்டமும் வரும், ஊரும் வரும். மாடறுப்பது அனுமதி பெற்ற கொல்களத்தில் மட்டுமே. குர்பானுக்கும் முன்கூட்டியே சபையில் கேட்டு அதற்குரிய ஒழுங்கில்தான் செய்யவேண்டும்.

கோட்டைப் பக்கம் போய் புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு, குட்டி ஒன்று கிடைத்தால் வளர்க்கலாமே என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு, பெரியவர்களும் உண்டு. அவை வீதியில் ஆடு போலத் திரிந்தாலும் வன விலங்குகள், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. உங்கள் வீட்டுக் குப்பைப் பையைக் கட்டாமல் வெளியே வைக்காதீர்கள், மான்கள் பொலித்தீனோடு தின்கின்றன.

கொட்டில் எங்கே

இந்த ஊரில் வருடத்தில் பாதிக்குக் காற்று ஒரு பக்கம், மற்றப் பாதிக்கு வேறு பக்கம். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான், தென்மேற்கில் இருந்து காய்ந்து சூடாக அடிக்கும். மாரியில் வாடை, வடகிழக்கில் இருந்து கடல் ஈரத்தோடு வரும். கச்சான் காலத்தில் மேற்குப் பக்கமாகக் கூட்டை வைத்துவிட்டு மேற்கு வீட்டுக்காரருக்கு மணக்கவில்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். காற்று திரும்பியதும் முழு நாற்றமும் அவருடைய குசினிக்குள் போகும். ஆகையால் மற்ற ஊர் வழிகாட்டிகளில் சொல்வது போலக் காற்றின் கீழ்ப்பக்கம் வையுங்கள் என்று இங்கே சொல்ல முடியாது. காணியின் நடுவில், உங்கள் வீட்டுக்குக் கிட்ட, உங்கள் குசினி யன்னலில் இருந்து தெரிகிற இடத்தில் வையுங்கள். நாற்றம் முதலில் உங்களுக்கு அடித்தால் நீங்களே கூட்டுவீர்கள். மதிலோரமாக ஒதுக்கினால் நாற்றம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். முறைப்பாடு பிறக்கிற இடம் அதுதான்.

கிணறு இன்னும் முக்கியம். டவுனின் கரையோரத் தரை மணல். மேலே ஊற்றினது கீழே வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி விடவேண்டும் என்று பி.எச்.ஐ.மார் சொல்வார்கள், சாணக் குழிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மணல் தரையில் அதைவிடக் கூட விட முடிந்தால் விடுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணற்றையும் எட்டிப் பாருங்கள். சின்னக் காணிகளில் ஐம்பது அடி கிடைக்காது என்பது உண்மைதான். அப்போது குழி வெட்டவே வேண்டாம், தரைக்கு மேலே சீமெந்துத் தளத்தில் எருவைக் குவித்து மூடி வைத்து வாரத்துக்கு இரண்டு தரம் வெளியேற்றும் ஒழுங்கைச் செய்யுங்கள்.

தரை சீமெந்தாக இருந்தால் ஒரு பக்கம் சரிவு வையுங்கள். கழுவுகிற தண்ணீர் வீதி வடிகானுக்குப் போகக் கூடாது. டவுனின் வடிகான்கள் கடைசியில் கடலில்தான் விழுகின்றன, ஆனால் உங்களுக்கு வருகிற பிரச்சினை அதற்கு முன்னமே, அடைபட்ட வடிகான் ஒழுங்கையில் நிரம்பி வழிகிற நாளில் வரும். வாழைக்குப் பக்கத்தில் சரிவை முடித்தால் தண்ணீரும் போகும், வாழையும் செழிக்கும்.

கூரையைக் கிடுகாலோ தகரத்தாலோ போடலாம். தகரமென்றால் மேலே கிடுகு பரப்புங்கள், கச்சான் காலத்து வெயிலில் கோழிகள் மூச்சு வாங்கிச் செத்துவிடும். மாரிக்கு வாடைப்பக்கத்தைப் படங்கால் மறையுங்கள். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் விறைத்துச் செத்தன. அதற்குப் பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் இறைச்சி கொண்டுபோவதைக்கூடக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். திறந்த வெளியில் நனைந்து நின்றவைதான் பெரும்பாலும் போயின.

இலையானும் நுளம்பும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். வீட்டு இலையான் ஈர எருவில் முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கிற இலையானாக வர நம்முடைய வெக்கையில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதாவது வாரத்துக்கு ஒரு தரம் எருவை அள்ளினால் நீங்கள் இலையானோடு ஓட்டப்பந்தயம் வைக்கிறீர்கள், சில வாரம் அது வெல்லும். மூன்று நாளுக்கு ஒரு தரம் அள்ளினால் அது வெல்ல வழியே இல்லை. மாட்டுச் சாணம் நாள்தோறும் காலையில் அள்ளுங்கள்.

கோழிக்கு ஆழ்கூளம் நல்லது. நாலு அங்குலத்துக்கு உமி பரப்பி, இரண்டு நாளுக்கொரு தரம் முள்ளுக்கரண்டியால் கிளறி விடுங்கள். காய்ந்த கூளம் மணக்காது, புழுக்காது. நாறுவது ஈரம்தான். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைகிற இடத்தை மட்டும் தினமும் அள்ளி மாற்றினால் பாதி வேலை முடிந்தது. உமிக்குக் கவலை வேண்டாம். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து நெல் ஆலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு தூவிக் கிளறினால் கூளம் உலரும்.

எருவை என்ன செய்வது? விற்க ஆள் இருக்கிறது. இரசாயனப் பசளை விலை ஏறினதில் இருந்து வீட்டுத் தோட்டக்காரர்களும் மரக்கறிச் செய்கைக்காரர்களும் கோழி எருவைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் பச்சையாகக் கொடுக்காதீர்கள், வாங்கினவர் வீட்டிலும் இலையான் பெருகி முறைப்பாடு வரும். இலைகுழையோடு அடுக்கி, பொலித்தீனால் மூடி உக்கவிட்டுக் கொடுங்கள். சபை உழவு இயந்திரத்தில் குப்பை எடுக்க வருகிறவர்களிடம் சாணத்தைத் திணிக்க வேண்டாம்.

நுளம்பைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போய்ப் பாடசாலைகளைப் பூட்டிய நாட்களை இங்கே எல்லோரும் அறிவார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குடியிருப்பவரின் குற்றம். பி.எச்.ஐ. கோழிக்கு வந்த முறைப்பாட்டைப் பார்க்க வந்தாலும் கண் முதலில் போவது மாட்டுத் தொட்டிக்கும் உடைந்த சட்டிக்கும்தான். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டை அப்படியே இருந்து பொரிக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

தீனை மூடியுள்ள தகரப் பீப்பாவில் வையுங்கள். சாக்கில் வைத்தால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கட்டாக்காலி

டவுனில் மாடு வைத்திருக்கிறவர்களில் ஒரு பகுதியினர் மாடு வளர்ப்பதில்லை, மாட்டை அவிழ்த்து விடுகிறார்கள். காலையில் பால் கறந்துவிட்டுத் துரத்திவிட்டால், அது சந்தைக் கழிவிலும் கடற்கரையிலும் மேய்ந்து இரவில் நடுவீதியில் படுத்து அசைபோடும். தார் வீதி இரவில் சூடாக இருக்கும் என்பதால்தான் அங்கே படுக்கிறது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கறுத்த மாடு தெரிவதில்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு இரக்கம் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

சபை கட்டாக்காலிகளைப் பிடித்து அடைக்கலாம். பிடிகூலியும், அடைத்து வைத்த நாட்களுக்குத் தீன் செலவும், தண்டமும் கட்டித்தான் மீட்கவேண்டும். குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் ஏலத்தில் போய்விடும். மீட்கப் போகிறவர் மாடு தன்னுடையது என்று காட்டவேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் மாட்டுக்குக் குறி, உரிமைச் சீட்டு எல்லாம் இருப்பது இதற்குத்தான். காதுத் தகடும் சீட்டும் இல்லாமல், அது என் லெட்சுமி, கூப்பிட்டால் திரும்பும் என்று அங்கே சொல்லிப் பயனில்லை. மாட்டை வாங்குகிற அன்றே விற்றவரிடம் சீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். கந்தளாயில் இருந்தோ மூதூரில் இருந்தோ வாகனத்தில் ஏற்றி வருவதென்றால் கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் கொண்டுசெல்லும் அனுமதியும் முதலில் எடுங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான். இல்லாவிட்டால் களவு மாடு என்றுதான் தொடங்கும்.

ஆடும் விதிவிலக்கில்லை. அடுத்த வளவின் மல்லிகையையும் முருங்கைக் கன்றையும் தின்றுவிட்டு வருகிற ஆட்டால் வந்த பகை, மாட்டால் வந்த பகையைவிட நீண்டது.

நோயும் தடுப்பூசியும்

கோழிக்கு இங்கே பெரிய எமன் இராணிக்கெட் நோய். பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, ஒரே வாரத்தில் கூடு காலி. கண்ணில் ஒரு சொட்டு விடுகிற தடுப்பு மருந்து கால்நடை வைத்திய அலுவலகத்தில் கிடைக்கும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேல் காணும், திறந்து கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு வீண். அதனால் ஒழுங்கையில் கோழி வைத்திருக்கிற எல்லோரையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், வெயிலில் கொண்டுவந்தால் வெறும் தண்ணீர்தான். இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: சேர்ந்து ஊசி போட்ட அயலவர் ஒருவர்மேல் ஒருவர் முறைப்பாடு எழுதுவது குறைவு.

மாட்டுக்குக் கால்-வாய் நோய், தொண்டையடைப்பான் ஊசிகளை உரிய காலத்தில் போடுங்கள். தோலில் கட்டி கட்டியாக வருகிற தோல் கழலை நோய் 2020இல் நாட்டுக்குள் வந்தது, இலையானும் நுளம்பும் உண்ணியும்தான் அதைக் காவுகின்றன. கொட்டில் துப்புரவும் மாட்டின் உயிரும் ஒரே கணக்கு என்று சொல்வது இதனால்தான்.

ஒரே நேரத்தில் பல கோழிகளோ மாடுகளோ செத்தால் மூடி மறைக்காதீர்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், தொற்றுநோய்ச் சந்தேகத்தை அறிவிக்கும் பொறுப்பை உரிமையாளரிடம் வைத்திருக்கிறது. செத்ததை வடிகானிலோ கடலிலோ குப்பை மேட்டிலோ எறியவும் கூடாது. கிணற்றுக்குத் தூரமாக மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாடு என்றால் கால்நடை வைத்தியரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

விற்கத் தொடங்கினால்

பக்கத்து வீட்டுக்கு நாலு முட்டை கொடுப்பது வேறு, வியாபாரம் வேறு. பால் போத்தலில் ஊற்றி வீடு வீடாக விற்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள், பி.எச்.ஐ. மாதிரி எடுத்துப் பார்க்கலாம். தண்ணீர் கலப்பதை விட்டுவிடுங்கள். மாட்டுக்கு மருந்தூசி போட்டால், கால்நடை வைத்தியர் சொல்கிற நாள் வரை கறந்த பாலையும் விற்காதீர்கள். வாங்குகிறவரிடம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள், பச்சைப் பாலால் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் வரலாம். கோழி நூற்றுக்கணக்கில் ஏறினால் சபையின் அனுமதி மட்டும் போதாது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர் டவுனை விட்டுக் கன்னியாப் பக்கமோ அதற்கு அப்பாலோ காணி பார்ப்பதுதான் புத்தி.

பி.எச்.ஐ. வந்தால்

வருவார். முறைப்பாடு யார் எழுதினது என்று அவரிடம் கேட்காதீர்கள், சொல்லமாட்டார். அனேகமாக முதல் தரம் வாயால் சொல்வார்: இதை அள்ளுங்கள், அதை மூடுங்கள், கூட்டைத் தள்ளி வையுங்கள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், ஐயா இதை எப்படிச் செய்தால் சரி என்று கேளுங்கள். நல்ல ஆலோசனையை இலவசமாகத் தரக்கூடியவர் அவர். விடிந்தால் பொழுதுபட்டால் நூறு வளவு பார்க்கிறவர். பதிவுத் துண்டையும் தடுப்பூசி அட்டையையும் அப்போதே காட்டுங்கள்.

திருத்தாவிட்டால் எழுத்தில் அறிவித்தல் வரும், அதில் ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதிக்குள் எது முடியும், எது முடியாது என்று பார்த்து, முடியாததற்குக் காரணத்தோடு கால அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள்; கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரை வாங்குங்கள். பேசாமல் இருந்தால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், வளவையும் கொட்டிலையும் அயலாருக்குத் தொல்லையாக அசுத்தமாக வைத்திருப்பதைக் குற்றமாக்குவது. நூற்றறுபது வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கிற சட்டம். மற்றது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. அதன் கீழ் நீதவான், இந்தத் தொல்லையை இன்ன நாளுக்குள் அகற்று, இல்லாவிட்டால் வந்து ஏன் அகற்றத் தேவையில்லை என்று காரணம் காட்டு என்று நிபந்தனைக் கட்டளை இடலாம். அந்தக் கட்டளை கையில் கிடைத்தால் வழக்கறிஞரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வழக்கு நாளுக்கு முன்னமே கொட்டிலைத் திருத்தி, முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து, பி.எச்.ஐ.யை மறுபடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். திருத்தியாயிற்று என்று அவருடைய அறிக்கை சொன்னால், பெரும்பாலான வழக்குகள் அங்கேயே இளகிவிடும்.

நீங்கள் முறைப்படுகிற பக்கம் நிற்கிறவராகவும் இருக்கலாம். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், பொழுதுபட்டு ஆள் களைத்திருக்கிற நேரத்தில் அல்ல, காலையில். கேட்கவில்லை என்றால் எம்.ஓ.எச். பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். கோழி வளர்க்கிறார் என்று மட்டும் எழுதினால் அங்கே ஒன்றும் நடக்காது. எந்தப் பக்கத்தில் இருந்து, எந்த நேரத்தில், என்ன வருகிறது, உங்கள் கிணறு எவ்வளவு தூரம், வீட்டில் சின்னப் பிள்ளைகளோ நோயாளிகளோ இருக்கிறார்களா என்று எழுதுங்கள். பி.எச்.ஐ.மார் காலையில் அலுவலகத்தில் இருந்துவிட்டுப் பிறகு களத்துக்குப் போய்விடுவார்கள், நேரத்தோடு போங்கள்.